சிங்கப்பூரில் நீண்டகால வாடகை வீடும் குடிபெயர்வுச் செலவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை உறுதியாகிச் சிங்கப்பூருக்குப் புறப்படத் தயாராகும் தமிழர்கள், பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வருபவர்கள், பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டுவரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். தொகைகள் அனைத்தும் சிங்கப்பூர் வெள்ளியில் (டாலரில்) உள்ளன. விதிகள் அவ்வப்போது மாறுவதால், கையெழுத்திடுவதற்கு முன் அந்தந்த அரசு அமைப்பின் இணையத்தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் சம்பளம் வரும்வரை கையில் எவ்வளவு பணம் வேண்டும்?

வரவிருக்கும் மாதச் சம்பளத்தை வைத்துக் கணக்குப் போடுபவர்கள்தான் அதிகம். அந்தச் சம்பளம் வருவதற்கு முன் வெளியேறும் பணத்தைக் கணக்கிடுபவர்கள் குறைவு. இங்கே திண்டாடியவர்களில் பலர் குறைந்த சம்பளத்தால் திண்டாடவில்லை, முதல் இரண்டு மாதங்களில் கையிருப்புக் கரைந்ததால் திண்டாடினார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். கணவனும் மனைவியும் மாதம் 2,800 வெள்ளி வாடகையில் மூவறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு ஒன்றை இரண்டு ஆண்டுகளுக்கு எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகையும், ஈராண்டு ஒப்பந்தத்துக்கு இரண்டு மாத வாடகையும் முன்பணமாகத் தருவது இங்குள்ள வழக்கம். ஆகவே முன்பணம் 5,600. முதல் மாத வாடகையும் முன்கூட்டியே தரப்பட வேண்டும்; அது 2,800. முத்திரை வரி 268.80. வீடு தேடும் ஒரு மாதத்துக்கு ஓர் அறையில் தங்க 1,200. அந்த மாதத்தின் சாப்பாடு, பயணம், கைப்பேசி இணைப்பு எல்லாம் சேர்த்துச் சிக்கனமாக 1,000. பாத்திரம், மெத்தை, மின்விசிறி போன்றவற்றுக்கு இன்னொரு 1,200. கூட்டினால் 12,068.80 வருகிறது. முகவருக்குத் தரகு தர வேண்டியிருந்தால் அது தனி. மின்சாரம், தண்ணீர்க் கணக்கைத் திறக்கும்போது கேட்கப்படும் வைப்புத்தொகையும் தனி.

தனியாள் ஓர் அறையோடு நிறுத்திக்கொண்டால் இதில் மூன்றில் ஒரு பங்கில் சமாளிக்கலாம். நிறுவனம் முதல் மாதத் தங்குமிடம் தருமா, குடிபெயர்வுப் படியை வந்திறங்கிய உடனே தருமா, செலவுச் சீட்டுகளைக் கொடுத்த பிறகு தருமா என்பதை வேலைக் கடிதத்தில் கையெழுத்திடும் முன்பே கேளுங்கள். சம்பள மாதம் முடிந்து 7 நாள்களுக்குள் ஊதியம் தரப்பட வேண்டும் என்பது சட்டம். எனவே மாதத் தொடக்கத்தில் வேலையில் சேர்பவர் ஏறக்குறைய ஐந்து வாரங்கள் கையிருப்பை நம்பியே வாழ வேண்டியிருக்கும்.

ஊரிலிருந்தபடியே காணொளியில் பார்த்து வீட்டை முடித்துவிடலாமா?

வேண்டாம். முதல் மாதத்துக்கு ஓர் அறையையோ குறுகியகாலத் தங்குமிடத்தையோ மட்டும் ஏற்பாடு செய்துகொண்டு வாருங்கள். காணொளியில் வீட்டின் அறைகள் தெரியும். காலை எட்டு மணிக்கு அந்த வீட்டிலிருந்து அலுவலகம் சென்றுசேர எவ்வளவு நேரமாகும், கீழ்த்தளக் காப்பிக்கடையின் சத்தம் எத்தனை மணிக்கு அடங்கும், மேற்கு வெயில் எந்த அறையில் விழும் என்பதெல்லாம் நேரில் போனால்தான் தெரியும். பிற்பகல் வெயில் நேராக விழும் அறையில் குளிர்சாதனம் இல்லாமல் இருப்பது கடினம். அதன் விளைவு மாதாமாதம் மின்கட்டணத்தில் தெரியும்.

வீவக வீடு, கொண்டோமினியம், அறை: எதைத் தேர்ந்தெடுப்பது?

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் 1960ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. இந்நாட்டுவாசிகளில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் அது கட்டிய வீடுகளில்தான் வசிக்கிறார்கள். ஆகவே 'அரசாங்கக் குடியிருப்பு' என்று ஊரில் கேட்கும்போது மனத்தில் எழும் படத்தை முதலில் அழித்துவிடுங்கள். சந்தை, மருந்தகம், பேருந்து நிறுத்தம், உணவங்காடி நிலையம் எல்லாம் நடந்துபோகும் தொலைவில் அமைந்த வீடுகள் இவை. இங்கே மூவறை வீடு என்றால் இரண்டு படுக்கையறைகளும் ஒரு கூடமும், நாலறை வீடு என்றால் மூன்று படுக்கையறைகளும் ஒரு கூடமும் என்று பொருள். புதிதாக வருபவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் இது.

கொண்டோமினியம் எனப்படும் தனியார் அடுக்குமாடிக் குடியிருப்பில் நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், காவல் உண்டு. அதற்கேற்ப வாடகையும் கூடும். முதலாண்டில் அந்தக் கூடுதல் பணம் சேமிப்பாக இருப்பதே நல்லது என்பது என் கருத்து. சிறு குழந்தைகளோடு வருபவர்களும் நிறுவனமே வாடகை தரும் நிலையில் உள்ளவர்களும் வேறு முடிவுக்கு வரலாம்.

வீவக வீட்டுக்கான ஒவ்வோர் ஒப்பந்தமும் குறைந்தது 6 மாதங்களுக்கு இருக்க வேண்டும். தனியார் வீடு என்றால் குறைந்தது 3 மாதங்கள். இதைவிடக் குறைந்த காலத்துக்கு ஒருவர் வீடு தருகிறேன் என்றால், வாடகை எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஒதுங்கிவிடுங்கள்.

வீவக வீட்டை எந்த வெளிநாட்டவரும் எடுக்க முடியுமா?

முடியாது. நீங்கள் இங்கே சட்டப்படி தங்கும் நீண்டகால அனுமதி வைத்திருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் நாளில் அது குறைந்தது இன்னும் 6 மாதங்களுக்குச் செல்லுபடியாக வேண்டும். கட்டுமானம், உற்பத்தி, கப்பல் பட்டறை, செயல்முறைத் தொழில் ஆகிய துறைகளில் வேலை அனுமதிச் சீட்டில் (வொர்க் பர்மிட்) இருப்போரில் மலேசியர்கள் மட்டுமே முழு வீட்டை எடுக்கலாம்.

இன்னொரு கட்டுப்பாடு பலருக்குத் தெரிவதில்லை. மலேசியர் அல்லாத வெளிநாட்டவரும் நிரந்தரவாசிகளும் முழு வீட்டை வாடகைக்கு எடுப்பதற்கு ஓர் உச்சவரம்பு உண்டு: அக்கம்பக்க அளவில் 8 விழுக்காடு, புளோக் (ஓர் அடுக்குமாடிக் கட்டடம்) அளவில் 11 விழுக்காடு. அது நிரம்பிவிட்டால், உரிமையாளர் சம்மதித்தாலும் அந்தப் புளோக்கில் உங்களுக்கு முழு வீடு கிடைக்காது. அறை வாடகைக்கு இந்த வரம்பு பொருந்தாது. எனவே வீடு பிடித்துப்போய் முன்பணம் பேசுவதற்கு முன்பே, வரம்பில் இடமிருக்கிறதா என்று உரிமையாளரைப் பார்க்கச் சொல்லுங்கள். வீடு வாங்கும்போது பொருந்தும், இனவாரியாக வரம்பு வைக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையை இதனோடு குழப்பிக்கொள்கிறார்கள். அது வாடகைக்குக் கிடையாது.

மலேசியர் அல்லாத வெளிநாட்டவருக்கு ஓர் ஒப்பந்தத்தின் உச்சகாலம் 2 ஆண்டுகள். பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம்.

எந்த வட்டாரம் நமக்கு ஏற்றது?

லிட்டில் இந்தியா எனப்படும் தேக்காவுக்கு அருகில்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு பலர் வருகிறார்கள். சிராங்கூன் சாலையில் மல்லிகைச் சரமும் முருங்கைக்கீரையும் கிடைக்கும் வசதி உண்மைதான். ஆனால் ஈசூன், உட்லண்ட்ஸ், ஜூரோங், செங்காங், பொங்கோல் என எங்கே இருந்தாலும் இட்லி மாவும் கறிவேப்பிலையும் வாங்கும் கடை அருகில் இருக்கும். வாரம் ஒருமுறை ரயிலில் ஏறித் தேக்காவுக்குப் போய்வருவது பெரிய வேலையில்லை. வேலை எங்கே என்பதைக் கொண்டே வட்டாரத்தை முடிவு செய்யுங்கள். சாங்கி வர்த்தகப் பூங்காவில் வேலை பார்ப்பவருக்குத் தெம்பனிசும் சீமெய்யும் பிடோக்கும் வசதி; ஜூரோங் தொழிற்பேட்டைப் பக்கம் போகிறவருக்குப் பூன் லே, புக்கிட் பாத்தோக், சுவா சூ காங் வசதி. ரயில் நிலையத்திலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தங்கள் தள்ளிப் போனாலே வாடகை குறைவதைக் காணலாம்.

உரிமையாளர் கேட்கும் வாடகை நியாயமா என்று அறிய ஊகம் தேவையில்லை. நகர வாரியான இடைநிலை வாடகையை வீவக ஒவ்வொரு காலாண்டும் வெளியிடுகிறது. தனியார் வீடுகளின் வாடகை ஒப்பந்த விவரங்களை நகர மறுசீரமைப்பு ஆணையம் வெளியிடுகிறது. அவற்றைப் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

முகவர் தேவையா? தரகு எவ்வளவு?

சட்டம் எந்த விழுக்காட்டையும் நிர்ணயிக்கவில்லை. தரகு பேசி முடிவு செய்யப்படுவது. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு அரை மாத வாடகை, ஈராண்டுக்கு ஒரு மாத வாடகை என்பது பரவலாகக் கேட்கப்படும் தொகை. உங்களுக்காக வேலை செய்ய நீங்களே அமர்த்திய முகவருக்கு மட்டும் நீங்கள் பணம் தரலாம். ஒரே பேரத்தில் ஒரே முகவர் உரிமையாளருக்காகவும் குடியிருப்பாளருக்காகவும் செயல்பட அனுமதியில்லை. ஆகவே உரிமையாளரின் முகவர் உங்களிடமும் அரை மாதம் கேட்டால், 'நீங்கள் யாருடைய முகவர்?' என்று அவரிடம் மரியாதையாகக் கேட்டுவிடுங்கள்.

சொத்து முகவர்களை ஒழுங்குபடுத்தும் சிஇஏ மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் ஒவ்வொரு முகவரின் பெயரும் பதிவு எண்ணும் படமும் இருக்கும். அந்த எண் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். வீவக வீட்டு வாடகைப் பேரத்தில் முகவர் உங்கள் முன்பணத்தையோ வாடகையையோ தன் கையில் வாங்கக்கூடாது. பணம் நேராக உரிமையாளரின் கணக்குக்குப் போக வேண்டும்.

எதிரில் இருப்பவர் உண்மையான உரிமையாளர்தானா என்று எப்படி அறிவது?

இந்தக் கேள்விக்கு நான் நீளமாகப் பதில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் இங்கே வந்த முதலாண்டில், ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தவர் உரிமையாளருக்குத் தெரியாமல் அதன் அறைகளைப் பிரித்து எங்கள் நால்வருக்கு உள்வாடகைக்கு விட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உண்மையான உரிமையாளர் வந்து நின்றார். அன்று மாலைக்குள் பெட்டிகளைக் கட்டினோம். கொடுத்த ஒரு மாத முன்பணம் வரவில்லை. பணம் வாங்கியவரின் தொலைபேசியும் அதன்பின் ஒலிக்கவில்லை. எழுத்துபூர்வமாக எங்களிடம் ஒன்றுமே இல்லாததால் யாரிடமும் முறையிட முடியவில்லை.

வீவக வீட்டை எடுத்த குடியிருப்பாளர் அதை மறுபடி உள்வாடகைக்கு விட அனுமதியில்லை. முழு வீட்டை வாடகைக்கு விடும் உரிமையாளர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும். அவ்வீட்டில் குறைந்தபட்சக் குடியிருப்புக் காலத்தை, பொதுவாக 5 ஆண்டுகளை, முடித்திருக்கவும் வேண்டும். வாடகைக்கு விடும் முன் வீவகவின் ஒப்புதலை அவர் பெற வேண்டும். அந்த ஒப்புதலைக் காட்டச் சொல்வது குற்றமல்ல. நேர்மையான உரிமையாளர் தயங்காமல் காட்டுவார், அவரும் உங்கள் கடவுச்சீட்டையும் அனுமதி அட்டையையும் மூலப்பிரதியாகப் பார்க்கக் கேட்பார். தனியார் வீடு என்றால் சிங்கப்பூர் நில ஆணையத்தின் இணையச் சேவையில் சிறு கட்டணம் செலுத்தி உரிமையாளர் பெயரைத் தேடலாம்.

வீட்டைப் பார்க்கும் முன்பே 'இடம் பிடித்து வைக்க' முன்பணம் கேட்டால் அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பதிவுபெற்ற முகவரின் பெயரையும் அட்டையையும் திருடிப் பயன்படுத்துவோரும் இருக்கிறார்கள். பதிவேட்டில் உள்ள தொலைபேசி எண்ணுக்கு நீங்களே அழைத்துப் பேசிப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் 1799 என்ற மோசடித் தடுப்பு உதவி எண்ணில் கேட்கலாம்.

ஒப்பந்தத்தில் எந்தப் பிரிவுகளைக் கவனிக்க வேண்டும்?

முழுவதையும் படியுங்கள், இரண்டு இடங்களில் நின்று படியுங்கள். முதலாவது, இங்கே எல்லோரும் 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' என்று குறிப்பிடும் பிரிவு. வேலை போய்விட்டாலோ, நிறுவனம் உங்களை வேறு நாட்டுக்கு மாற்றினாலோ, ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே வெளியேற இது வழிவிடுகிறது. ஈராண்டு ஒப்பந்தத்தில் முதல் 12 மாதங்கள் கழிந்த பிறகு 2 மாத அறிவிப்பு கொடுத்து வெளியேறலாம் என்று எழுதுவது வழக்கம். வேலை போனால் தங்கும் அனுமதியும் ரத்தாகிவிடும் நம்மைப் போன்றோருக்கு இந்தப் பிரிவு இல்லாத ஈராண்டு ஒப்பந்தம் பெரும் ஆபத்து. ஓராண்டு ஒப்பந்தத்தில் இதைப் பெரும்பாலும் தருவதில்லை. ஆனாலும் கேட்டுப் பார்ப்பதில் நட்டமில்லை. வேலை புதிது, நிறுவனமும் புதிது என்றால் சற்றுக் கூடுதல் வாடகையானாலும் ஓராண்டுக்கே கையெழுத்திடுவதை நான் பரிந்துரைக்கிறேன்.

இரண்டாவது, பழுதுபார்ப்பு. சிறு பழுதுகளை ஒரு குறிப்பிட்ட தொகைவரை குடியிருப்பாளரும் அதற்குமேல் உரிமையாளரும் ஏற்பது நடைமுறை. அந்தத் தொகை 150 வெள்ளி முதல் 300 வெள்ளிவரை வேறுபடும். குளிர்சாதனத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை உங்கள் செலவில் சுத்தம் செய்து ரசீதை வைத்திருக்க வேண்டும் என்றும் இருக்கும். குடிபோன முதல் 30 நாள்களில் தெரியவரும் பழுதுகள் உரிமையாளரின் பொறுப்பு என்ற வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாவிட்டால், சிஇஏ இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் மாதிரி ஒப்பந்தத்தை இறக்கி, உங்களிடம் தரப்பட்டதோடு வரிவரியாக ஒப்பிடுங்கள்.

முத்திரை வரி கட்டியே ஆக வேண்டுமா?

ஆம். நான்காண்டுக்கு மேற்படாத ஒப்பந்தத்தில் மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மேலே சொன்ன எடுத்துக்காட்டில் 24 மாத வாடகை 67,200; அதன் வரி 268.80. வழக்கமாகக் குடியிருப்பாளரே இதைக் கட்டுகிறார். சிங்கப்பூரில் கையெழுத்தானால் 14 நாள்களுக்குள், வெளிநாட்டில் கையெழுத்தானால் ஒப்பந்தம் சிங்கப்பூருக்கு வந்த 30 நாள்களுக்குள் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் செலுத்த வேண்டும். முத்திரையிடப்படாத ஒப்பந்தத்தைத் தகராறின்போது ஆதாரமாகக் காட்ட முடியாது.

'சமையல் கூடாது' என்று சொல்கிறார்களே?

அறை வாடகை விளம்பரங்களில் 'சமையல் இல்லை', 'லேசான சமையல்' என்ற சொற்கள் அடிக்கடி வரும். 'லேசான சமையல்' என்றால் நூடுல்சும் முட்டையும் என்று உரிமையாளர் நினைத்திருப்பார். சாம்பாரும் பொரியலும் என்று நாம் நினைத்திருப்போம். மனத்தாங்கல் தொடங்கும் இடம் அதுதான். தாளிப்போம், வாரத்தில் இத்தனை நாள் சமைப்போம் என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒப்பந்தத்திலும் எழுதி வாங்குங்கள். மூன்று வேளையும் வெளியே சாப்பிட்டால் ஆகும் செலவை நினைத்தால், சமைக்க இடம்தரும் அறைக்கு மாதம் 100 வெள்ளி கூடுதலாகக் கொடுப்பது லாபமே. இந்தியர்களுக்கு வீடில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்பவர்களையும் நீங்கள் சந்திக்க நேரலாம், அது வலிக்கும். முகவர்கள் இன அடிப்படையில் பாகுபடுத்தி விளம்பரம் செய்வதை அவர்களின் தொழில்நெறி ஏற்பதில்லை. அப்படிப்பட்ட விளம்பரத்தைக் கண்டால் சிஇஏவிடம் தெரிவிக்கலாம்.

மாதச் செலவுத் திட்டத்தில் புதியவர்கள் மறப்பது எது?

வருமான வரி. ஊரில் மாதாமாதம் பிடித்துக்கொண்டுதான் சம்பளம் தருவார்கள். இங்கே முழுச் சம்பளமும் கைக்கு வரும். வரி அடுத்த ஆண்டில் மொத்தமாகக் கணக்கிடப்பட்டு அறிவிப்பு வரும். மத்திய சேம நிதிப் பிடித்தமும் வெளிநாட்டவருக்கு இல்லை. கையில் வந்ததெல்லாம் நம்முடையது என்று செலவழித்தவர்கள் மறு ஆண்டில் தவிக்கிறார்கள். வரிவாசியாக, அதாவது வரி நோக்கில் இந்நாட்டுவாசியாகக் கருதப்படும் ஒருவரின் வரிக்குரிய வருமானம் 60,000 வெள்ளி என்றால் வரி 1,950 வெள்ளி. மாதம் 165 வெள்ளியைத் தனியே எடுத்துவைத்தால் போதும். வங்கிக் கணக்கிலிருந்து 12 தவணைகளில் கட்டவும் வழி உண்டு. ஓராண்டில் 183 நாள்களுக்குக் குறைவாக இங்கே வேலை செய்பவருக்குக் கணக்கு வேறு. சம்பளத்தில் 15 விழுக்காடு, வரிவாசிக்கான வரி ஆகிய இரண்டில் எது கூடுதலோ அது விதிக்கப்படும்.

பொருள் சேவை வரி 2024 ஜனவரி 1 முதல் 9 விழுக்காடு. சில உணவகங்களில் இதற்கு மேல் 10 விழுக்காடு சேவைக் கட்டணமும் சேரும். உணவங்காடி நிலையத்தில் பட்டியலில் போட்ட விலைதான் விலை.

குடும்பத்தை உடனே அழைத்து வரலாமா?

மனைவி அல்லது கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சார்ந்திருப்போர் அனுமதி பெற, உங்கள் நிலையான மாதச் சம்பளம் குறைந்தது 6,000 வெள்ளியாக இருக்க வேண்டும். நிபுணர்கள், நிர்வாகிகளுக்கான எம்பிளாய்மெண்ட் பாஸ் என்ற வேலை அனுமதியைப் பெறுவதற்கான குறைந்தபட்சச் சம்பளத்தை 2025 ஜனவரியில் 5,600 வெள்ளியாக உயர்த்தினார்கள். இவ்விரண்டு தொகைகளுக்கும் நடுவே சம்பளம் வாங்குபவருக்கு வேலை கிடைத்தாலும் குடும்பத்தை அழைக்க முடியாது. சம்பளப் பேச்சின்போதே இதை மனத்தில் வையுங்கள்.

மருத்துவச் செலவையும் எண்ணிப் பாருங்கள். அரசு மருத்துவமனையிலும் வெளிநாட்டவருக்கு மானியம் இல்லை. வேலை அனுமதிச் சீட்டிலும் நடுத்தரத் திறனாளர்களுக்கான எஸ் பாஸிலும் இருப்போருக்கு முதலாளி மருத்துவக் காப்புறுதி எடுப்பது கட்டாயம்; எம்பிளாய்மெண்ட் பாஸில் இருப்போருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. உங்கள் நிறுவனத்தின் காப்புறுதி குடும்பத்தையும் உள்ளடக்குமா, பேறுகாலத்துக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்ப்பதற்கான இடம் உறுதியானதல்ல. பெரும்பாலான வகுப்புகளுக்கு ஏஇஐஎஸ் என்ற நுழைவுத் தேர்வு உண்டு. வீடு, பள்ளி இரண்டும் உறுதியாகும்வரை மூன்று நான்கு மாதங்கள் தனியே இருப்பது மனத்துக்குச் சிரமம்தான். அந்த மாதங்களில்தான் சேமிப்பும் சேரும்.

வீட்டுப் பொருள்களைக் கப்பலில் அனுப்பலாமா?

வாடகை வீடுகள் பெரும்பாலும் கட்டில், அலமாரி, குளிர்பதனப் பெட்டி, சலவை இயந்திரத்தோடு கிடைப்பதால், மரச்சாமான்களைக் கொண்டுவரத் தேவையில்லை. குடியிருப்பை மாற்றிக்கொள்பவர் பயன்படுத்திய வீட்டுப் பொருள்களுக்கு இறக்குமதி வரிச் சலுகை உண்டு: பொருள் குறைந்தது 3 மாதங்களாக உங்களிடம் இருந்திருக்க வேண்டும், நீங்கள் வந்த 6 மாதங்களுக்குள் அது இங்கே வந்துசேர வேண்டும். மாவரைக்கும் இயந்திரத்தைக் கொண்டுவருபவர்கள் கவனிக்க: மின்னழுத்தம் ஒன்றே, ஆனால் இங்குள்ள துளைகள் மூன்று தட்டைக் கம்பிகளுக்கானவை, பொருத்தமான பிளக் வேண்டும்.

இந்தியாவிலிருந்து பணத்தை எப்படி எடுத்து வருவது?

ஒரு பயணத்துக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்புவரை வெளிநாட்டு நோட்டுகளாக எடுத்துவரலாம். மீதியைப் பயண அட்டையிலோ வங்கி வழியாகவோ கொண்டுவாருங்கள். இங்கே வங்கிக் கணக்கு திறக்கச் சில நாள்கள் ஆகலாம் என்பதால், முன்பணத்தைச் செலுத்தும் வழியைப் பற்றி உரிமையாளரிடம் முன்பே பேசிவையுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் கையெழுத்திட்ட ரசீது இல்லாமல் அங்கிருந்து நகராதீர்கள்.

காலி செய்யும்போது முன்பணம் முழுவதும் திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும், நீங்கள் குடிபோன நாளிலேயே அதற்கான வேலையைத் தொடங்கியிருந்தால். சாவி வாங்கிய அன்று, பெட்டிகளைப் பிரிக்கும் முன், சுவர்க் கீறல், தரை ஓட்டின் விரிசல், மெத்தைக் கறை, குழாய்க் கசிவு எல்லாவற்றையும் தேதியோடு படமெடுத்து அன்றே உரிமையாளருக்கு அனுப்பிவிடுங்கள். பொருள்பட்டியலில் 'நல்ல நிலை' என்று போட்டிருக்கும் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள். இயல்பான தேய்மானத்துக்கு நீங்கள் பொறுப்பல்ல என்ற வரி ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். அடுப்பங்கரைச் சுவரின் எண்ணெய்ப் பிசுக்கை அந்தக் கணக்கில் யாரும் சேர்க்கமாட்டார்கள், அதைத் துடைத்துக் கொடுப்பது நம் பொறுப்பு.

கடைசி மாத வாடகைக்குப் பதிலாக முன்பணத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்வது ஒப்பந்த மீறல், அப்படிச் செய்யாதீர்கள். உரிமையாளர் நியாயமின்றிப் பணத்தைப் பிடித்துவைத்தால், ஈராண்டுக்கு மேற்படாத குடியிருப்பு ஒப்பந்தங்கள் தொடர்பாக 20,000 வெள்ளிவரையிலான கோரிக்கைகளைச் சிறு உரிமைக்கோரல் நடுவர் மன்றம் விசாரிக்கும். அங்கே வழக்கறிஞர் வேண்டியதில்லை. முத்திரையிட்ட ஒப்பந்தம், வங்கி மாற்றுச் சான்றுகள், குளிர்சாதன ரசீதுகள், முதல் நாள் படங்கள் ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு போங்கள். நாட்டை விட்டே கிளம்புவதாக இருந்தால், வரி நிலுவைக்காக நிறுவனம் உங்கள் கடைசிச் சம்பளத்தை நிறுத்திவைக்கும் என்பதால், முன்பணமும் அந்தச் சம்பளமும் கைக்கு வரும்வரை இங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.